மௌனம் சம்மதம் அல்ல: பாடநூல்களில் ஸ்பேனிங் ட்ரீ

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்துக்கு நம்ம பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் அதிகம் புழங்கும் நூல்கள் நான்கு: பீட்டர்சன்–டேவி, குரோஸ்–ராஸ், ஃபோரூசான், டானென்பாம். அக்கா மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனிடம் இருந்ததையும் என் அலமாரியில் கிடந்த பழைய பதிப்புகளையும் சேர்த்துவைத்து, நான்கிலும் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஒரே ஒரு பகுதியை மட்டும் ஒரு மாதமாகப் படித்தேன். தருமபுரி மாவட்டத்து நடுகற்களைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பிழைப்பு மென்பொருள் வேலைதானே! அதோடு, ஒரே செய்தியைப் பல பேர் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது கல்வெட்டுப் படிகளால் தொற்றிக்கொண்ட பழக்கம். அப்படிப் பார்க்கும்போது ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்பதைவிட, எல்லோரும் சேர்ந்து எதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

இங்கே நான்கு பேரும் விட்டிருப்பது போர்ட்டை.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதன் எண்ணில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் பாக்கெட் செத்துப்போகும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் போட்டுவிட்டால், ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் அந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும் ஒவ்வொரு முறையும் மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் தன் நகலைக் கொட்டிவிட்டுப் போகும். சில நொடிகளில் சுவிட்சின் விளக்குகள் எல்லாம் சிமிட்டாமல் நிலையாக எரிவதுபோலத் தெரியும், ஆபீஸ் முழுக்க நெட் போய்விடும். இதைத் தடுக்கத்தான் ஸ்பேனிங் ட்ரீ. சுவிட்சுகள் 2 நொடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற சின்னச் செய்தியை அனுப்பிக்கொள்கின்றன. ஐடி எண் மிகக் குறைவாக உள்ள சுவிட்ச் ரூட் ஆகிறது. ரூட்டுக்குக் குறைந்த செலவில் போகும் வழிகள் மட்டும் திறந்திருக்கும், மிச்சப் போர்ட்டுகள் மூடப்படும். கேபிள் அங்கேயேதான் இருக்கும், போக்குவரத்து மட்டும் இருக்காது. வேறு வழி அறுந்தால் மூடியது திறக்கும்.

1985-ல் ரேடியா பெர்ல்மன் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது வெளியிட்ட வழிமுறை இது. 1990-ல் 802.1டி என்று ஐஈஈஈ தரமாக வந்தது. 2001-ல் 802.1டபிள்யூ என்ற வேகமான வடிவம் வந்தது, 2004 பதிப்பில் பழையதைத் தூக்கிவிட்டு இதையே வைத்துக்கொண்டார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

இனி நூல்களுக்கு வருவோம். நான்கில் வழிமுறையை மிக நன்றாகச் சொல்வது பீட்டர்சன்–டேவிதான். யாரை ரூட் என்று நினைக்கிறேன், அது எவ்வளவு தூரம், சொல்வது யார் என்று செய்தியை மூன்றே உறுப்பாகச் சுருக்கிவிடுகிறார்கள். ஒரு படத்தை வைத்து, எந்தப் பிரிட்ஜ் எப்போது யாருக்கு விட்டுக்கொடுக்கிறது என்று பென்சிலால் பின்தொடரலாம். 13 மதிப்பெண் கேள்வியாக வந்தால் பையன்கள் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். ஃபோரூசான் படிப்படியாகப் போகிறார், பரீட்சைக்கு வசதி, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. குரோஸ்–ராஸ் மேலிருந்து கீழே இறங்கிவரும் நூல். இந்த இடத்துக்கு வந்து சேரும்போது அவர்களுக்கே களைத்துவிடுகிறது போல, சில வரிகளில் கடந்துவிடுகிறார்கள். டானென்பாம் ஐந்தாம் பதிப்பு ரொம்ப ரசனையோடு எழுதப்பட்டிருக்கிறது. ஜாய்ஸ் கில்மரின் மரக் கவிதையை வைத்து பெர்ல்மன் விளையாட்டாக எழுதிய கவிதையும் அதில் இருக்கிறது. படிக்கச் சுகமாக இருக்கிறது.

நான்கிலும் கதாநாயகன் மரம். பாடத்தின் கடைசியில் ஒரு படம் வரும். சில கோடுகள் தடிமனாக, சில கோடுகள் புள்ளியாக. மரம் உருவாகிவிட்டது, பாடம் முடிந்தது.

வேலைக்குப் போனால் யாரும் மரம் வரையச் சொல்வதில்லை. சுவிட்சுக்குள் லாகின் செய்தால் எதிரே இருப்பது 24 போர்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் அமைப்பு: கிளையின் செலவு, முன்னுரிமை, எட்ஜா இல்லையா, பிபிடியு கார்டு, பிபிடியு ஃபில்டர், ரூட் கார்டு, லூப் கார்டு. மரத்தை சுவிட்சுகளே பேசி உருவாக்கிக்கொள்ளும். மனிதன் கையில் இருப்பது இந்தப் போர்ட் அமைப்புகள் மட்டும்தான். இவற்றில் எதைப் போடுவது என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: இந்தப் போர்ட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், அவர்களை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்வியை நான்கு நூல்களும் எழுப்பவே இல்லை.

இதற்கு ஒரு பதில் உடனே வரும்: பாடநூல் என்பது கருத்தைச் சொல்வதற்கு, எந்தக் கமாண்ட் எங்கே அடிப்பது என்பதற்குக் கம்பெனி மேனுவல் இருக்கிறது. நியாயமான பதில்தான். ஒரு கம்பெனியின் கமாண்டை மனப்பாடம் செய்யவைக்கும் பாடநூலை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் குறை வேறு. அந்தப் போர்ட் அமைப்புகளுக்கு அடியில் ஒரு கருத்து இருக்கிறது, அந்தக் கருத்தே பாடத்தில் இல்லை.

அது என்னன்னா, இந்த புரோட்டோகால் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது.

ஒரு போர்ட் மூடியிருக்கிறது என்றால், எதிர்ப்பக்கத்துச் சுவிட்ச் 2 நொடிக்கு ஒருமுறை 'உன்னைவிட நல்ல வழி என்னிடம் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குரல் கேட்கும்வரைதான் அது மூடியிருக்கும். 20 நொடி குரல் கேட்கவில்லை என்றால், எதிரில் யாரும் இல்லை என்று முடிவுகட்டும். பிறகு 15 நொடி கவனிக்கும், 15 நொடி முகவரி கற்கும், மொத்தம் 50 நொடியில் திறந்துகொள்ளும். எதிரில் இருப்பவன் செத்துப்போய்விட்டானா, உயிரோடு இருந்தும் அவன் குரல் நம் காதில் விழவில்லையா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. பீட்டர்சன்–டேவியிலும் இந்த இடம் வருகிறது. பிரிட்ஜ் ஒன்று பழுதானால் கீழே இருப்பவற்றுக்குச் செய்தி வருவது நிற்கும், குறிப்பிட்ட நேரம் பார்த்துவிட்டு அவை மறுபடி கணக்கைத் தொடங்கும் என்று. சரியான விவரம்தான். ஆனால் அதை இந்த வழிமுறையின் பலமாக மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அதே வரிதான் இதன் பலவீனமும்.

நம்ம ஏரி மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடை பார்க்கிறவரிடம், 'கீழேயிருந்து ஆள் வந்து திறக்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்கும்வரை மூடி வை. ஆள் வரவில்லையா, திறந்துவிடு' என்று எந்த ஊரிலாவது சொல்வார்களா? வருகிற ஆள் வழியில் விழுந்து கிடந்தால்? மழை அதிகமாகி ஓடை தாண்ட முடியாமல் நின்றுவிட்டால்? தண்ணீர் அதிகமாக இருக்கிற அன்றைக்குத்தான் ஆள் வராமல் போவதற்கான வாய்ப்பும் அதிகம். நெட்வொர்க்கிலும் அப்படியேதான். நெரிசல் கூடக்கூட பிபிடியு தொலையும், தொலைந்தால் மூடியது திறக்கும், திறந்தால் நெரிசல் இன்னும் கூடும்.

ரவுட்டிங்கை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ரவுட்டருக்குப் பக்கத்து ரவுட்டரின் குரல் கேட்கவில்லை என்றால் அந்த வழியைப் பட்டியலிலிருந்து நீக்கும். மௌனம் அங்கே 'போகாதே'. இங்கே மௌனம் 'போ'.

சொன்னால் நம்பாதவர்கள் லினக்ஸ் இருக்கும் எந்த லேப்டாப்பிலும் செய்து பார்க்கலாம். நானும் அப்படித்தான் பார்த்தேன். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிரிட்ஜ், நடுவே இரண்டு வீத் இணைப்பு. லினக்ஸ் பிரிட்ஜில் எஸ்டிபி இயல்பாக அணைந்திருக்கும், அதை இயக்கிக்கொள்ள வேண்டும். அரை நிமிடத்தில் ஒரு பிரிட்ஜ் ரூட் ஆகி, மற்றதன் இரண்டாவது போர்ட் மூடிக்கொள்ளும். இப்போது ரூட்டிலிருந்து அந்த மூடிய போர்ட்டுக்குப் போகும் திசையில், 01-80-சி2-00-00-00 என்ற முகவரிக்குப் போகும் ஃபிரேமை மட்டும் டிசி ஃபில்டரால் தடுத்துவிடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். கேபிள் நன்றாக இருக்கிறது, இரண்டு பிரிட்ஜும் உயிரோடு இருக்கின்றன, பிபிடியு மட்டும் ஒரு பக்கம் போகவில்லை. கடிகாரத்தைப் பாருங்கள். 20-வது நொடியில் மூடிய போர்ட் எழுந்து, 'இந்தத் தெருவுக்கு நான்தான் பொறுப்பு' என்று அறிவிக்கும். ரூட் உடனே 'இல்லை, நான் இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். அந்தப் பதிலும் போய்ச் சேராது. 50-வது நொடியில் போர்ட் திறக்கும். இல்லாத ஓர் ஐபி முகவரிக்கு ஒரே ஒரு பிங் கொடுத்தால் போதும், அதற்காகக் கிளம்பிய ஏஆர்பி பிராட்காஸ்ட் சுற்றத் தொடங்கும், லேப்டாப் விசிறி சத்தம் போட ஆரம்பிக்கும்.

இது லேப்டாப்பில் மட்டும் நடக்கும் வித்தையா? நம்ம மாவட்டத்தில் ஒரே வளாகத்தில் நாலு கட்டடம் இருக்கும் இடங்களில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஃபைபர் போகும். இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர், அதிலிருந்து சாதாரண பேட்ச் கார்டில் சுவிட்சுக்கு வரும். ஃபைபரில் இழை இரண்டு: ஒன்று போக, ஒன்று வர. ஓர் இழையின் கனெக்டரில் மட்டும் தூசி ஏறினாலோ அது வளைந்து நொடித்தாலோ, ஒரு திசை செத்து மறு திசை உயிரோடு இருக்கும். ஃபைபரில் பழுது என்றால் தாமிரப் பக்கத்தையும் சேர்த்து அணைக்கும் வசதி சில கன்வர்ட்டரில் உண்டு. அது இல்லாத விலை குறைந்த கன்வர்ட்டர் என்றால், சுவிட்ச் பக்கத்து விளக்கு எப்போதும்போலப் பச்சையாகவே எரியும். கேட்கும் திசை செத்த போர்ட் மூடிய போர்ட்டாக இருந்துவிட்டால், மேலே சொன்ன 50 நொடிக் கதை அப்படியே நடக்கும். பேர் சொல்ல வேண்டாம், இப்படி ஒரு வளாகத்தில் இரண்டு நாள் தேடியும் எங்கே லூப் என்று தெரியவில்லை. ஏன்னா யாரும் புதுசா கேபிள் எதுவும் போடலை. எல்லாரும் அதிகமாகச் சொருகிய கேபிளைத்தான் தேடினார்கள். கடைசியில் தேடவேண்டியிருந்தது குறைந்துபோன ஓர் இழையை.

உலகம் அறிந்த உதாரணம் பாஸ்டனில் இருக்கிறது. 2002 நவம்பரில் அங்குள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் நெட்வொர்க் விழுந்து ஏறக்குறைய நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. ஆய்வாளர் ஒருவருடைய மென்பொருளிலிருந்து பெருமளவு தரவு பாய்ந்ததில் தொடங்கியது. இரண்டு மருத்துவமனைகள் இணைந்த பிறகு அவ்வப்போது ஒட்டிஒட்டி வளர்ந்த நெட்வொர்க், ஸ்பேனிங் ட்ரீக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏழு தாவல் வரம்பைத் தாண்டியிருந்தது. நெரிசலில் மரம் குலைந்து லூப் ஆனது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அப்போதைய தகவல்துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா இதை மூடி மறைக்காமல் வெளியே சொன்னார். அதனால்தான் மற்ற மருத்துவமனைகள் கற்றுக்கொள்ள முடிந்தது, ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பாடமாகவும் ஆனது. நிர்வாகம் படிக்கிற பையனுக்கு இந்தக் கதை பாடத்தில் இருக்கிறது. சுவிட்சைக் கையில் தொடப்போகிற பையனின் பாடத்தில் இல்லை!

ஏழு தாவல் என்ற எண்ணின் காரணமும் இதே மௌனம்தான். ரூட்டின் செய்தி ஒவ்வொரு சுவிட்சைத் தாண்டும்போதும் அதன் வயது கூடும். வயது 20-ஐத் தொட்டால் செய்தி செல்லாது. ரொம்ப தூரத்தில் இருப்பவனுக்கு வந்து சேரும்போதே செய்தி கிழடாகியிருக்கும், நடுவில் இரண்டு தொலைந்தால் போதும், மௌனம் என்று எடுத்துக்கொண்டுவிடுவான்.

2001-ல் வந்த வேகமான வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் அழகான திருத்தம் ஒன்று இருக்கிறது. ஒரு போர்ட் உடனே திறக்க விரும்பினால் எதிர்ப்பக்கத்திடம் 'திறக்கட்டுமா' என்று கேட்கும், எதிர்ப்பக்கம் தன் மற்ற போர்ட்டுகளை ஒழுங்கு செய்துவிட்டு 'சரி' என்று சொன்னால் ஒரு நொடிக்குள் திறக்கும். வாய்திறந்து சொன்ன சம்மதம்! ஆனால் பதிலே வரவில்லை என்றால்? பழைய கணக்கில் 30 நொடி காத்திருந்துவிட்டுத் திறந்துவிடும். அதுமட்டுமல்ல, மூடிய போர்ட் மௌனம் என்று முடிவுகட்ட எடுத்துக்கொள்ளும் நேரமும் 20 நொடியிலிருந்து மூன்று பிபிடியு அளவுக்கு, அதாவது 6 நொடிக்கு இறங்கிவிட்டது. சம்மதம் கேட்கக் கற்றுக்கொண்டது, மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமை குறைந்துவிட்டது. 2004 பதிப்பில், திறந்திருக்கும் போர்ட்டுக்குத் தன்னைவிடத் தாழ்ந்த ஒருவன் 'நானும் இங்கே பொறுப்பு' என்று சொல்வது கேட்டால் 'நான் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை போல' என்று புரிந்துகொண்டு தான் மூடிக்கொள்ளும் வழியைச் சேர்த்தார்கள். நல்ல வேலை. பாடநூலில் சேர்க்க ஒரு பத்தி போதும்.

இந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு போர்ட் அமைப்புகளைப் பார்த்தால், மனப்பாடம் செய்யவேண்டிய கமாண்ட் பட்டியல் மாதிரித் தெரியாது. ஒவ்வொன்றும் மௌனத்துக்கோ குரலுக்கோ நாம் எழுதிவைக்கும் அர்த்தம். எட்ஜ் என்று போட்டால் 'இங்கே மௌனம்தான் இயல்பு, இருப்பது வெறும் கம்ப்யூட்டர், காத்திருக்காதே' என்று பொருள். பிபிடியு கார்டு என்றால் 'மௌனமாக இருக்கவேண்டிய இடத்தில் குரல் கேட்டால் கதவைச் சாத்து'. லூப் கார்டு அதற்கு நேர் எதிர்: 'குரல் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் மௌனம் வந்தால் அதைச் சம்மதமாக எடுக்காதே, மூடியே இரு'. ரூட் கார்டு: 'பேசட்டும், ஆனால் நான்தான் தலைவன் என்று இந்தப் பக்கமிருந்து யார் சொன்னாலும் ஏற்காதே'.

ரூட் கார்டு ஏன் வேண்டும் என்பதில் வேடிக்கை ஒன்று உண்டு. முன்னுரிமை எண்ணை யாரும் மாற்றாவிட்டால் எல்லாச் சுவிட்சுக்கும் 32768. சமன் ஆனால் மேக் முகவரி சிறியவன் ஜெயிப்பான். ஒரே கம்பெனி சுவிட்சுகளில் மேக் சிறியது பெரும்பாலும் பழசு. ஆகவே இருப்பதிலேயே கிழட்டுச் சுவிட்ச், ஸ்டோர் ரூம் மூலையில் தூசியோடு கிடப்பது, மொத்த வளாகத்துக்கும் ரூட். குறைந்த எண் ஜெயிக்கும் என்று நான்கு நூல்களும் சொல்கின்றன. அதன் பொருள் மூத்தது தலைவராகும் என்று ஒன்றாவது சொல்லியிருக்கலாம்.

பெயர் வைத்தவர்களையும் கொஞ்சம் திட்ட வேண்டும். தரத்தில் எட்ஜ் என்று இருப்பதற்கு சிஸ்கோ வைத்த பெயர் போர்ட்ஃபாஸ்ட். நம் ஊரில் பேச்சில் நிலைத்துவிட்டதும் இதுதான். ஃபாஸ்ட் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 'இந்த லிங்க் ஸ்லோவா இருக்கு, போர்ட்ஃபாஸ்ட் போடுங்க' என்று இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே உள்ள போர்ட்டில் அதைப் போடச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்ஜ் என்ற சொல் இடத்தைச் சொல்கிறது, 'இதற்கு அப்பால் நெட்வொர்க் இல்லை' என்று. போர்ட்ஃபாஸ்ட் பலனை மட்டும் சொல்லி நிபந்தனையை மறைத்துவிடுகிறது. அவர்களுடைய பிற்கால வரிசைகளில் எட்ஜ் என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார்கள், நல்லது.

இதைவிட மோசம் பிபிடியு ஃபில்டர். பெயர் ஒன்று, நடத்தை இரண்டு. சுவிட்ச் முழுமைக்கும் பொதுவாகப் போட்டால், எட்ஜ் போர்ட்டில் தொடக்கத்தில் சில பிபிடியு மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்தும். எதிரிலிருந்து பிபிடியு வந்தால் எட்ஜ் தகுதியை விட்டுவிட்டுச் சாதாரணப் போர்ட்டாக மாறும், ஆபத்து குறைவு. அதையே ஒரு தனிப் போர்ட்டில் போட்டால் அனுப்பவும் அனுப்பாது, வருவதையும் கேட்காது. வாயையும் கட்டி, காதையும் கட்டியாயிற்று. அந்தப் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீ இல்லை என்றே அர்த்தம். மேசைக்கடியில் யாரோ வைத்த ஐந்து போர்ட் சின்ன சுவிட்சில், சும்மா தொங்குகிறதே என்று ஒரு பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் சொருகிவிடுகிறார்கள் என்று வையுங்கள். இது எல்லா ஊரிலும் நடப்பது. கார்டு போட்டிருந்தால், நம் சுவிட்ச் அனுப்பிய பிபிடியுவே சுற்றிவிட்டு அதே போர்ட்டுக்குத் திரும்பிவரும், போர்ட் மூடிக்கொள்ளும், அந்த மேசைக்கு மட்டும் நெட் போகும். ஃபில்டர் போட்டிருந்தால் அனுப்பியதே கிடையாது, திரும்பிவர எது இருக்கிறது? கட்டடம் முழுக்க விழும். சில மலிவுச் சுவிட்சுகள் பிபிடியுவைக் கடத்தாமல் விழுங்கிவிடும். அங்கே கார்டும் குருடு, ஸ்டார்ம் கன்ட்ரோலோ தனி லூப் கண்டறியும் வசதியோதான் காப்பாற்ற வேண்டும்.

பாடத்தில் இது இல்லாததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நம்ம ஊர்ப் பையன்கள் படித்து முடித்து முதலில் சேர்வது பெரும்பாலும் இப்படிச் சின்ன வளாகங்களைப் பராமரிக்கும் வேலையில். தருமபுரி, அரூர், பென்னாகரம் என்று பைக்கில் சுற்றுவார்கள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் வரவில்லை, 169.254 என்று தொடங்கும் முகவரி காட்டுகிறது என்று போன் வரும். காரணம் எளிது: விண்டோஸ் முழுதாக எழுந்து முகவரி கேட்கும் நேரத்தில் போர்ட் இன்னும் 30 நொடிக் காத்திருப்பில் இருக்கிறது, கேட்டது டிஹெச்சிபி சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. எட்ஜ் என்று ஒரு வரி போட்டால் தீரும். ஆனால் பையனுக்குத் தெரிந்தது மரம் மட்டும். கூட வரும் சீனியர் சொல்வார்: 'எஸ்டிபி-யை ஆஃப் பண்ணிடு தம்பி, அதான் ஸ்லோ பண்ணுது.' ஆஃப் பண்ணினால் நிஜமாகவே சரியாகிவிடும்! வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். அந்த அறிவுரை இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் அது அன்றைக்கு வேலை செய்கிறது என்பதுதான். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு கேபிளை மாற்றிச் சொருகும் நாள் வரைக்கும்.

எட்ஜ் போடாததால் வரும் இன்னொரு தொல்லை வெளியே தெரியாது. எட்ஜ் என்று சொல்லாத போர்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும், நெட்வொர்க்கின் வடிவமே மாறிவிட்டது என்று சுவிட்ச் எல்லோருக்கும் அறிவிக்கும். வேகமான வடிவத்தில் மற்றவர்கள் உடனே தாங்கள் கற்ற மேக் முகவரிகளை அழித்துவிடுவார்கள். திரும்பக் கற்கும்வரை எல்லா ஃபிரேமும் எல்லாப் போர்ட்டுக்கும் போகும். காலை பத்து மணிக்கு நாற்பது பேர் வரிசையாகக் கம்ப்யூட்டரைப் போட்டால், நாற்பது முறை. 'காலைல மட்டும் ஒரு அரைமணி நேரம் ஸ்லோவா இருக்கும் சார், அப்புறம் சரியாயிடும்' என்று சொல்லும் ஆபீஸ்களில் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

பெர்ல்மனின் சொந்த நூலான இன்டர்கனெக்ஷன்ஸ் (முதல் பதிப்பு 1992, இரண்டாவது 1999) இந்த நான்கையும்விட ஒரு படி மேலே நிற்கிறது. தான் கண்டுபிடித்ததையே கைகட்டி விசாரிக்கும் குணம் அதில் இருக்கிறது. ஏன் பிரிட்ஜ் வந்தது, எந்த இடத்தில் அது தவறான கருவி என்று மறைக்காமல் எழுதுகிறார். பின்னாளில் ட்ரில் என்ற மாற்று ஏற்பாட்டுக்கு முன்கை எடுத்ததும் அவரே. கண்டுபிடித்தவருக்கே இருந்த அந்தச் சந்தேகம் பாடநூலுக்கு இறங்கி வரும்போது வடிகட்டப்பட்டுவிடுகிறது, கவிதை மட்டும் தங்குகிறது. நூலகத்தில் கிடைத்தால் மாணவர்கள் அந்தப் பிரிட்ஜ் அத்தியாயங்களையாவது படிக்க வேண்டும்.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், 'ஸ்பேனிங் ட்ரீ வழிமுறையை விளக்குக' என்பதற்குப் பதிலாக இதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு சுவிட்ச், நடுவே இரண்டு ஃபைபர் இணைப்பு, இரண்டும் மீடியா கன்வர்ட்டர் வழியாக. முதல் சுவிட்ச் ரூட். இரண்டாவதன் 24-வது போர்ட் மூடியிருக்கிறது. 1 முதல் 20 வரை கம்ப்யூட்டர்கள், 21-ல் பக்கத்து அறைக்குப் போகும், எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு கேபிள். 24-வது போர்ட்டுக்கு வரும் இழை மட்டும் அறுகிறது. 10-வது நொடியிலும் 60-வது நொடியிலும் நெட்வொர்க் எப்படி இருக்கும்? எந்தப் போர்ட்டில் எதை எழுதியிருந்தால் அது மாறியிருக்கும்? 21-ல் என்ன போடுவாய், ஏன்?

13 மதிப்பெண்.